ஒன்பதாவது கை

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நீல நோட்டை எடுப்பார். குழாய் ஒழுகினாலும் சரி, மாடிவீட்டு நாய் குரைத்தாலும் சரி, அதைப் புரட்டாமல் வாய் திறக்க மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்புக்கு நான்கு வருடமாக அவர்தான் சங்கத் தலைவர். பிழைப்புக்குப் பூட்டு ரிப்பேர். நோட்டிலுள்ள முப்பத்தொரு விதிகளும் அவர் எழுதி, நாங்கள் கையெழுத்துப் போட்டவை. அவற்றில் பாதி, தலைவர் என்னென்ன செய்யக்கூடாது என்பதுதான்.

"திருடன் எப்படியும் தொறந்துடுவான் சார். பூட்டு நல்லவனுக்குத்தான். அவனுக்குத்தான் திடீர்னு புத்தி மாறும்" என்பார்.

அவரை எதிர்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை. "மத்தியானம் ரெண்டு மணி நேரம் லிஃப்ட் ஓடாது, எல்லாருக்கும் சமம்னு எழுதிட்டீங்க. தரைத்தளத்துல இருக்கிற உங்களுக்கு என்ன போச்சு? என் முட்டியைக் கேளுங்க" என்று நான்காம் மாடி டீச்சரம்மா ஒருநாள் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். மனிதர் அசடு வழிந்தார். அடுத்த கூட்டத்திலேயே அந்த விதியை நீக்கவைத்தார்.

உடற்பயிற்சி மாஸ்டர் வேறு ரகம். "தீப்பிடிச்சா நோட்டையா புரட்டுவீங்க? ஒருத்தர் சொல்லணும், மத்தவங்க கேக்கணும். அவ்ளோதான்!"

பதவி என்றால் தலைவருக்கு உயிர். கடைக்கு வருகிறவர்கள் "யோவ் பூட்டு" என்பார்கள், இங்கேதான் "தலைவரே". "கூட்டம்னாதான் இவருக்கு முதுகு நிமிருது" என்று அவர் மனைவியே கேலி செய்வார்.

போன ஞாயிறு வந்தது வினை. விதி நான்கின்படி ஒருவர் இரண்டு முறைதான் தலைவராக இருக்கலாம். அவருடைய இரண்டாவது முறை அன்றோடு முடிந்தது. ஆழ்குழாய் வேறு வற்றி, தண்ணீர் லாரிக்கு அலைந்துகொண்டிருந்தோம்.

"இந்த நேரத்துல ஆளை மாத்துவாங்களா? விதி நாலைத் தூக்கிடுவோம். இவரே இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

விதியை நீக்க, வீட்டுக்கு ஒன்றாக ஒன்பது கைகள் வேண்டும். எட்டு உயர்ந்தன. டீச்சரம்மா தூக்கினார். நானும்தான் தூக்கினேன். மிச்சமிருந்தவர்களில் மூன்று பேர் அசையவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தோம். தலைவர் கை தூக்கக்கூடாது என்று நோட்டில் எங்கும் இல்லை.

"தூக்குங்க தலைவரே!"

ஆசை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. நாற்காலியில் சற்று எழும்பி, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தார். பிறகு இடது கையால், கோணல்மாணலாக, நோட்டில் எட்டு என்று எழுதினார்.