வில்டபீஸ்டுக்கு வைக்கோல் போடுகிறவள்

வைக்கோல் கட்டின் கயிற்றை அறுத்து, அறுத்த கயிறு இரண்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்து (ஒன்று புல்லோடு போனால் வயிற்றில் சிக்கிவிடும்), உதறிப் போட்டபடியே, நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மிருகத்துக்குச் சாப்பாடு போடுகிற வேலையில் மிருகத்தால் ஒரு கரைச்சலும் இல்லை, மனுசரால்தான். வாய் திறக்கப் பயந்தே காலம் தள்ளுகிற என் சகோதரங்களுக்கு இது விளங்கும்.

நாடு விட்டு வந்து குடியேறிய வெரிபீயில் எங்கள் வீடு. அங்கிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி ஒரு பூங்கா. ஆபிரிக்கப் புல்வெளி மாதிரிச் செய்து வில்டபீஸ்ட் விட்டிருக்கிறார்கள். மாட்டுக் கொம்பு, குதிரை வால், ஆட்டுத் தாடி; கடவுள் மிச்சம் மீதியில் செய்ததுபோல ஒரு மிருகம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அதற்கு முன் பஸ்ஸில் வருகிற சனத்துக்கு மைக்கில் ஐந்து நிமிசம் இங்கிலீசில் பேசிக் காட்டவேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பேசாவிட்டால் திரும்பவும் வீடு, மாமி, மாமியின் சமையல் திருத்தங்கள்.

ஏழுக்கு எட்டு

ஏழு மிருகம் என்றால் எட்டுக் குவியல் வைக்கோல், தள்ளித் தள்ளிப் போடவேண்டும். துரத்தப்பட்டது ஓடிப்போய்ச் சாப்பிட ஒன்று மிச்சமிருக்கும். முதல் நாள் அது தெரியாமல், ஒற்றுமையாகச் சாப்பிடட்டும் என்று நடுவில் ஒரே குவியலாகக் கொட்டினேன். பெரிய ஆண் அதன்மேல் ஏறி நின்றது. மற்ற ஆறும் பார்த்துக்கொண்டு நின்றன.

மேற்பார்வைக்காரி ஜெனி, "உன் வீட்டில் யார் முதலில் சாப்பிடுவது?" என்று கேட்டாள். "அவர், பிறகு மாமி," என்றேன். ஜெனி சொன்னாள்: "அப்போ உன் வீட்டுக்கும் ஒரு குவியல் கூட அனுப்பவேணும்."

சிங்கம் விற்கிற இடம்

ஒருநாள் கன்று பிறந்தது. பத்து நிமிசத்தில் எழும்பியது, கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடியது. வேலிக்கு வெளியே ஒரு அன்ரி, தாடி வைத்த மகனை இடித்தார்.

"பார், பிறந்த உடன எழும்பி ஓடுது. உன்னை இப்பவும் நான்தானே ட்ரெயினுக்கு எழுப்பிறன்."

"அம்மா, ஆபிரிக்காவில அதைச் சிங்கம் துரத்தும். அதான் ஓடுது."

அன்ரி என் பக்கம் திரும்பினார்: "தங்கச்சி, ஒரு சிங்கம் எங்க வாங்கலாம்?"

ஒன்று நகர்ந்தால்

மழை எந்தப் பக்கம் இருட்டுகிறதோ அந்தப் பக்கம் ஒன்று நகரும்; மற்றதெல்லாம் ஏன் என்று கேளாமல் பின்னால் போகும். புல்லைத் தேடி இப்படித்தான் ஆபிரிக்காவில் ஆறு கடக்குமாம். பார்க்க வந்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர், ஏன் எல்லாம் ஒன்றின் பின்னால் போகிறது என்று என்னிடம் கேட்டார். நான் உதறிய வைக்கோலையே திரும்ப உதறினேன். ஜெனி தூரத்தில் நின்று பார்த்தாள்.

தம்பி தானே பதிலும் சொல்லிக்கொண்டார்: "நாங்களும் அப்படித்தாங்க. நல்ல ஸ்கூல்னு ஒருத்தன் கிளென் வேவர்லியில வீடு வாங்கினான், பின்னாலேயே பதினோரு பேர் வாங்கினோம். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

முகம்

இன்று காலை என் முறை. பத்து வரி இங்கிலீசைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். பஸ் நின்றது; ஏறி மைக்கைப் பிடித்தேன். தெற்கிலிருந்து குளிர்காற்று. மிருகங்கள் எல்லாம் காற்றுக்கு முதுகு கொடுத்தன. பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது பின்பக்கம்தான். எனக்கு வரியை மாற்றத் தெரியாது. "இந்த நீண்ட, அழகான முகத்தைப் பாருங்கள்," என்றேன். முன் ஆசனத்துக் கிழவர் தொப்பியைக் கழற்றி, "இதைவிட மோசமான முகங்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்," என்றார்.

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதோடு பாடமாக்கியது முழுக்கப் பறந்தது. காற்றைப் பற்றி, கன்றைப் பற்றி, எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீசில் இருபது நிமிசம் பேசியிருக்கிறேன். இறங்கும்போது ஜெனி சொன்னாள்: "வேலை உனக்குத்தான். இனி மைக்கைத் திருப்பிக் கொடு."

ஆக, சகோதரங்களே, இந்த மூன்று மாதத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: பேசப் பயந்தவளை ஒருமுறை பேச வைத்துவிட்டால் பிறகு அவளை நிப்பாட்ட, ஓம் ஜெனி, வாறன், அடுத்த பஸ்