கதவின் உட்புறம் ஒட்டிய தாள்

நம் கம்பெனியின் பழைய வெல்டர் சின்னசாமி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினார். “சார், மேடம் போயிட்டாங்க” என்றார். மஞ்சள் காமாலை. மேடம் லூர்துமேரிக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஏலாக்குறிச்சியில் அடக்கம் முடிந்து நடந்த இரங்கல் கூட்டத்தில், மேடத்துக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என்று சொல்லி என்னை முதலில் பேச அழைத்தார்கள். நான் மறுக்கவில்லை. நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தேன். அன்று விழுங்கியதை, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

நான் அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருச்சியில் பொறியியல் படித்து வந்து, துறையூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, ஸ்டெபிலைசரில் தொடங்கி, ஆலை இயந்திரங்களை இயக்கும் கண்ட்ரோல் பேனல் பெட்டிகள் செய்யும் அளவுக்குக் கம்பெனியை வளர்த்தவர் அவர். நான் அவரிடம் சம்பளம் வாங்கிய மேனேஜர். எனக்கு வயது அதிகம், மீசை பெரிது. வருகிறவர்கள் என்னைத்தான் முதலாளி என்று கும்பிடுவார்கள். ஆரம்பத்தில் திருத்தினேன். பிறகு என் கையும் தானாகக் கும்பிடப் பழகிவிட்டது.

ஒவ்வொரு பேனலின் கதவுக்கு உட்புறமும் மேடம் அதன் வரைபடத்தை ஒட்டுவார். அடியில் வடிவமைத்தவர், ஒயரிங் செய்தவர், சரிபார்த்தவர் என்று எல்லோர் பெயரையும் தன் கைப்பட எழுதுவார். “செஞ்சவங்க பேரு இல்லாத சாமான் அநாதைங்க” என்பார்.

அரியலூர் சிமெண்ட் ஆலை ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. சுண்ணாம்புக்கல் உடைக்கும் இயந்திரம் நின்றால், அதற்குக் கல் கொண்டுவரும் பெல்ட்டும் உடனே நிற்க வேண்டும். ஆறு மாதம் உழைத்து அதற்கான பேனலை அவர் வடிவமைத்தார். லாரியில் ஏற்றுவதற்கு முன், வடிவமைத்தவர் என்று என் பெயர் போட்ட தாளை அவர் தாளின் மேல் நான் ஒட்டினேன். பெண் பெயரைப் பார்த்தால் ஆலைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது.

சோதனை நாளில் ஆலை இன்ஜினியர் கதவைத் திறந்து, ஒரு ரிலேவைக் காட்டி, இது எதற்கு என்று என்னிடம் கேட்டார். நான் கதவில் ஒட்டியிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தேன். மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார் சொன்னதைத்தான் நான் சொல்றேங்க” என்று தொடங்கி, முழுவதையும் விளக்கினார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு முறைதான் பேசினார். “கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே சார்.”

அதற்குப் பிறகு பேனலில் கோளாறு என்றால் ஆலையிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் உதவியாளர் போல என் பின்னால் வந்து, அவர்தான் சரிசெய்வார். நான் வேலையை விடும்வரை ஏழு வருடம். கம்பெனியின் முதலாளி அவர். ஒரு நாள்கூட நான் வாய் திறக்கவில்லை.

போன வாரம் அந்த ஆலைக்குப் போனேன். பேனல் இன்னும் ஓடுகிறது. என் தாளை நனைத்து மெல்ல உரித்தேன். அடியில் அவர் கையெழுத்து அழியாமல் இருந்தது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை அன்றே எழுதியிருக்கிறார். அன்றும் நான் அதைப் படித்துவிட்டுத்தான் மூடினேன்.

இதைச் செய்தது மேடம், நான் இல்லை என்று அங்கிருந்த எலக்ட்ரீசியனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “உங்க தன்னடக்கம் யாருக்கு வரும் சார்.”

உரித்த என் தாள் என்னிடம் இருக்கிறது. அவர் நினைவாக வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இருப்பது அது ஒன்றுக்குத்தான்.