மாதா கோயிலுக்குள் பீரங்கி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, எங்கள் பங்குச் சாமியார் ஒரு கப்பலைக் கோயிலுக்குள் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சேலத்தில் ஏதய்யா கப்பல் என்று கேட்பீர்கள். நியாயம்தான். இது இரண்டு முழ நீள மரக் கப்பல். மூன்று பாய்மரம். கட்டியவர் என் பக்கத்து வீட்டுச் சவரிமுத்து. லாரிப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். பனமரத்துப்பட்டி ஏரியை விடப் பெரிய தண்ணீரைக் கண்ணால் பார்த்ததில்லை!

அவருக்கு எதற்குக் கப்பல்? அவர் மனைவி மேரிக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும்; ஆனால் உடம்பில் ரத்தம் போதாது, முதலில் கொஞ்சம் தேறட்டும் என்று டாக்டர் தள்ளிப்போட்டார். அன்றைக்கே சவரிமுத்து வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். புயலில் தத்தளித்த மாலுமிகளைக் கரை சேர்த்த தாய் அல்லவா? மேரியைப் பிழைக்க வை, ஒரு குறையும் இல்லாத கப்பலாகச் செய்து எங்கள் கோயிலில் மாதாவின் பாதத்தில் வைக்கிறேன் என்று நேர்ச்சை. அதுவும் அவள் ஆஸ்பத்திரிக்குள் போவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும் என்று பிடிவாதம்.

'ஒரு குறையும் இல்லாத' — அங்கேதான் வந்தது வினை.

கப்பலுக்கு மாதிரி, நான் பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய ஒரு இங்கிலீஷ் படப் புத்தகம். அதில் கப்பலின் இரண்டு பக்கமும், மேலே தூக்கித் திறக்கும் கதவு வைத்த சின்னச் சின்னச் சன்னல்கள். ஒவ்வொரு சன்னலிலும் ஒரு பீரங்கி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"பீரங்கியெல்லாம் எதுக்கு சவரி? விட்டுடேன்" என்றேன்.

"படத்துல இருக்குதுங்களே அண்ணா. உட்டா, அது குறைதானுங்க" என்றார்.

லாரியில் தேய்ந்து கழித்த பித்தளை புஷ் வளையங்களை லேத்தில் கொடுத்துக் குழல் கடைந்தார். பாதி நிலக்கடலை அளவுதான் ஒவ்வொன்றும். அதிலும் நடுவே துளை! லாரி பாடி கட்டியதில் மிஞ்சிய மரத்தில் நாலு சக்கர வண்டி செய்து, அதன் மேல் குழலை உட்கார வைத்தார். ஆனால், பீரங்கி செய்வது பெரிதில்லை. அதைக் கட்டுவதுதான் பெரிது. சுட்டால் பின்னால் பாயுமாம். ஆகவே குழலின் வாலைச் சுற்றி ஒரு தடித்த கயிறு போட்டு, சன்னலின் இரண்டு பக்கமும் கப்பல் சுவரில் கட்ட வேண்டும். பிறகு முன்னால் இழுக்க, பின்னால் இழுக்கக் கப்பி வைத்த கயிறுகள். நான் புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல, வாட்ச் ரிப்பேர்க் கடை இடுக்கியால் அவர் முடிச்சுப் போடுவார். இரண்டு பேரும் மூச்சு விடமாட்டோம். தும்மினால் போச்சு.

நூல், பள்ளிபாளையத்தில் மேரியின் தம்பி தறியிலிருந்து வந்தது. டீ டிகாஷனில் ஊறப்போட்டதும் அசல் கப்பல் கயிறு மாதிரியே பழுப்பாகிவிட்டது. கப்பிக்கு என்ன செய்வது? அவ்வளவு சின்னதாய் யார் கடைவார்கள்? மேரி எழுந்து போய், அறுந்துபோன தன் ஜெபமாலையைக் கொண்டுவந்து கொடுத்தார். பொடிப்பொடி மணிகள், துளையும் தயாராக இருந்தது.

"சாமிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

இத்தனை பாடுபட்டுக் கொண்டுபோன கப்பலைத்தான் சாமியார் வாசலிலேயே நிறுத்தினார்.

"கொல்லுகிற கருவியை மாதாவின் பாதத்தில் வைப்பதா? அதையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கொண்டுவா அப்பா."

எனக்கு வந்ததே கோபம். நானும் ஏதேதோ வாதாடிப் பார்த்தேன். சாமியார் அசையவில்லை. அவர் சொன்னதிலும் தப்பு இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்து சவரிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷன்.

"நேந்ததை நேந்தபடி வெக்கலீன்னா, அவளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா... நான் என்னங்கண்ணா பண்ணுவேன்?"

மூடநம்பிக்கை என்று எழுதிவிடலாம். கட்டி நம் வீட்டுக்காரி வயிற்றில் இருந்தால் தெரியும்.

பாயில் படுத்திருந்த மேரிதான் பேசினார்.

"ஏனுங்க, இந்தக் கப்பல் புயல்ல மாட்டுன கப்பல்தானுங்களே?"

"ஆமா."

"காத்தும் மழையுமா அடிச்சா நம்மூட்டுல என்ன பண்ணுவோம்? சாமானத்தை உள்ள இழுத்துப் போட்டுச் சன்னலைச் சாத்த மாட்டோமா?"

நான் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். அதிலும் அப்படியே போட்டிருந்தது! புயல் வந்தால் பீரங்கிகளை உள்ளே இழுத்து, அசையாமல் கட்டி, சன்னல் கதவுகளைச் சாத்திவிடுவார்களாம்.

சவரிமுத்து பீரங்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் பட்ட பாடு. இனி ஒருத்தர் கண்ணிலும் படாது. மனம் வருமா?

"உள்ள இருக்கறது எனக்குத் தெரியுமில்லீங்க. போதாதா?" என்றார் மேரி.

சவரிமுத்து மேல்தளப் பலகையைக் கழற்றினார். ஒவ்வொரு பீரங்கியாக உள்ளே இழுத்துக் கட்டினார். கதவுகளைச் சாத்தினார். வெளியே பார்த்தால் சாதுவான கப்பல்!

புதன்கிழமை சாமியார் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பிடுங்கிவிட்டாயா?"

"இல்லீங்க சாமி. உள்ளதான் இருக்குதுங்க. புயலடிக்குதுங்களே, கட்டிப்போட்டுச் சாத்தியிருக்கறனுங்க."

சாமியார் குனிந்து, சாத்திய கதவு ஒன்றை உற்றுப் பார்த்தார். பிறகு, "புயல் நின்றதும் திறந்துவிடுவாயோ?" என்றார்.

"அது, அவ ஊட்டுக்கு வந்து சேர்ந்தப்பறமுங்க."

சாமியார் தானே கப்பலைத் தூக்கிக்கொண்டு போய் மாதாவின் பாதத்தில் வைத்தார்.

மேரி பிழைத்துக்கொண்டார். போன ஞாயிறு கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து கோயிலுக்கு வந்தார். பூசை முடிந்ததும் சாமியார் இறங்கி வந்து, கப்பலின் சன்னல் கதவு ஒன்றைச் சுண்டுவிரலால் மெதுவாகத் தூக்கிவிட்டார். உள்ளே இருட்டில் பித்தளை மினுங்கியது.

"புயல்தான் நின்றுவிட்டதே அம்மா" என்றார். சவரிமுத்து எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். நானும்தான். அதிலென்ன வெட்கம்?

அந்தப் பீரங்கிகளைக் கட்டிப் பிடித்திருப்பது ஜெபமாலை மணிகள் என்பது மட்டும் சாமியாருக்கு இன்னும் தெரியாது... அவர் பத்திரிகையில் வரும் என் பத்தியைப் படிப்பதில்லை என்று நம்புகிறேன்!