பச்சை விளக்கு எரியாத போல்ட்

பாறசாலையில் படகு எஞ்சின் மாட்டும் பயிற்சி. தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடிக்குள் தெரிகிற பொய் எஞ்சினில்தான் பாடம். நாலாம் வகுப்பு தாண்டாத எனக்கு அதில் முழு மார்க்.

கூடப் படித்த கடற்கரைக்காரர் ஒருவர், உப்பில் வெளுத்த தாடி, கண்ணாடியைக் கழற்றியதும் விரலை முகர்ந்து பார்ப்பார்.

“அண்ணே, ஏதாச்சும் மணம் உண்டா?”

“கிரீஸ் மணம் இல்லியே மக்கா, அதாக்கும் பயம். நாளைக்கு எனக்க தம்பிக்க வள்ளத்துல நாமதான் எஞ்சின் மாட்டணும்.”

கண்ணாடிக்குள் போல்ட் இறுகினால் பச்சை விளக்கு எரியும். மறுநாள் கடற்கரையில், மடையன் நான், அந்த விளக்குக்காகக் காத்திருந்தேன். அவர் முறுக்கினார், தளர்த்தினார், மறுபடி முறுக்கினார்.

“போதுமாலே?” என்றார். போயும் போயும் என்னிடம்!

“போதும்” என்றேன்.

தம்பி வள்ளத்தோடு கடலுக்குப் போக, சாயங்காலம்வரை இருவரும் கடலையே பார்த்து நின்றோம். வள்ளம் கரையேறியதும் அவர் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் அந்தப் போல்ட்டைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

என்ன மணத்ததோ, என்னிடம் சொல்லவேயில்லை.