மோல்டில் தண்ணீர் நிற்கக் கூடாது

எங்கள் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே, வானத்தைப் பார்த்தபடி, ஒரு பெரிய ஃபைபர் தொட்டி கிடக்கிறது. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், "என்னம்மா, வீட்லயே மீன் வளக்கறீங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும்.

அது தொட்டி இல்லை. ஒரு வண்டியின் மோல்டு, வார்த்தெடுக்கிற அச்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் பொம்மசந்திராவில் ஒரு சின்ன கம்பெனியில் ஃபைபர் வேலை பார்த்தார். பஸ் சீட்டு, தண்ணீர் டேங்க் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கம்பெனி. அதன் முதலாளிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. வேனின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு குட்டி வீடு. உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, கை கழுவ இடம், டிரைவர் தலைக்கு மேலே இன்னொரு படுக்கை. கூரையும் சுவர்களும் ஒரே துண்டாக ஒரே மோல்டிலிருந்து வரும். இணைப்பே கிடையாது என்பதால் எத்தனை மழை பெய்தாலும் ஒழுகாது. அந்த மோல்டைச் செய்தவர் இவர். துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது, உளுக்காது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கேட்டவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. நம் ஜனம் எதற்காக வண்டிக்குள் சமைக்கப் போகிறது? எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு சித்தப்பா இருக்கிறார். அவர் வீட்டில் தங்காமல் ரோட்டோரம் படுத்தோம் என்று தெரிந்தால் சாகும்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார். கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய வண்டிகள் வெளியே போயின. பிறகு கம்பெனியை மூடினார்கள். ஷெட்டைக் காலி செய்த அன்றைக்கு மற்றவர்கள் ஃபேன், மேசை என்று எடுத்துக்கொண்டு போக, இவர் மோல்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். துணி காயப்போட எனக்கிருந்த ஒரே இடம் அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு டேங்க் செய்கிற வேறொரு இடத்தில் வேலை. கண்ணாடி நாரைப் பரப்பி, அதன் மேல் ரெசின் என்கிற பிசினை ஊற்றி, பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பதிய வைக்கிற வேலை. காய்ந்ததும் ஓரங்களை மெஷினில் அறுத்து ராவ வேண்டும். அவர் சட்டையைத் துவைத்தால் சாயங்காலம்வரை என் கை அரிக்கும். சட்டைக்கே அப்படி என்றால் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று நான் கேட்பேன். இருமிக்கொண்டே "ஒண்ணும் ஆகாது" என்பார்.

மழை பெய்து ஓய்ந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் ஒரு மக்கை எடுத்துக்கொண்டு மோல்டுக்குள் இறங்கித் தண்ணீரை இறைப்பது. "மோல்டுல தண்ணி நிக்கக் கூடாதும்மா" என்பார். வீட்டுக்குள் ஒழுகுகிற சமையலறையைப் பற்றி இந்த அக்கறை ஒரு நாளும் இருந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டருகே ஒரு பையன் நின்றிருந்தான். பையன் என்று நான் சொல்கிறேன், அவனுக்கு முப்பது வயது இருக்கும். கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அத்திபெலேயில் டீ குடிக்க நின்றவன், அந்த டீக்கடையே சக்கரம் கழன்ற ஒரு வண்டி என்பதைக் கண்டிருக்கிறான். இவர் செய்த வண்டிகளில் ஒன்று. கடைக்காரரிடம் விசாரித்து, பொம்மசந்திராவில் நாலு பேரைக் கேட்டு, இங்கே வந்து சேர்ந்துவிட்டான்.

"இதே மாதிரி இன்னொண்ணு பண்ண முடியுங்களா? எனக்கு ஒண்ணு வேணுங்க. நல்லா வந்துச்சுன்னா என் ஃபிரண்ட்ஸு மூணு நாலு பேரு ரெடியா இருக்காங்க."

என் கணவர் அவன் கையைப் பிடித்து மோல்டண்டை கூட்டிக்கொண்டு போனார். அப்படி ஒரு முகத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, இந்தத் தூசு ஒருமுறை உள்ளே போனால் வெளியே வராது, இனி ரெசின் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. அது வெளிய வந்துட்டா ஆளுங்கள வெச்சுக்கலாம். நான் கைய நீட்டி இப்படி செய் அப்படி செய்னு சொல்லினு ஒக்காந்துக்கறேன்."

"இவ்ளோ நாளா உக்காந்துதான் சொன்னீங்களா?" என்றேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வாரக்கணக்கில் மோல்டைத் தேய்த்து, வெடிப்புகளை அடைத்து, மெழுகு பூசி, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தார். அதன் மேல் கடைசியாக ஒரு நீலத் திரவம் பூச வேண்டும். காய்ந்தால் பால் ஆடை போல மெல்லிய படலமாகும். வார்க்கிற ரெசின் மோல்டோடு ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து வைப்பது அந்தப் படலம்தான். அதற்கு ஆகாத ஒரே பொருள் தண்ணீர். சொட்டுப் பட்டாலும் அந்த இடத்தில் கரைந்துவிடும். இதையெல்லாம் நான் கேட்காமலே வருடக்கணக்கில் என் காதில் போட்டிருந்தார்.

நீலம் காய்ந்த அன்றைக்குக் காலை, வேலை தொடங்குமுன் மந்திரிக்க வேண்டும் என்று கோவிலிலிருந்து சாமியாரைக் கூட்டிவந்தார். எங்கள் பக்கம் புது ஸ்கூட்டர் வாங்கினாலும் கடை திறந்தாலும் அதுதான் வழக்கம். சாமியார் வயதானவர், எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். ஜெபம் சொல்லி, தீர்த்தத்தை மோல்டின் வெளிப்பக்கம் சுற்றித் தெளித்தார். அதோடு விட்டிருக்கலாம். காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டி, உள்ளே மூன்று தரம் நன்றாக வீசித் தெளித்தார்.

நான் வாயைத் திறந்தேன். என் கணவர் என்னைப் பார்த்து, "சும்னே இரு" என்றார், உதடு மட்டும் அசைய. பிறகு மண்டியிட்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

சாமியாருக்கு காபி கொடுத்து அனுப்பிவிட்டு வந்தேன். என் கணவர் மோல்டின் ஓரத்தில் உட்கார்ந்து, நீலத்தில் அங்கங்கே விழுந்திருந்த வெளுத்த புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடச்சிட்டு மறுபடி பூசுங்க" என்றேன்.

"சாமி தெளிச்ச தண்ணிய அழுக்குத் துணியில தொடச்சு எறியச் சொல்றியா?"

"அப்ப ஒட்டிக்கும் இல்ல?"

"கீழ மெழுகு இருக்குது. அது தாங்கும்."

தாங்காது என்று அவருக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் அதுதான். கடவுள் கோபித்துக்கொள்வார் என்று பயந்தாரா, இந்த ஒரு தடவையாவது அவர் கை கொடுப்பார் என்று நம்பினாரா, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

கூலிக்கு வந்த இரண்டு பேரும் இவருமாக வார்த்தார்கள். காய்ந்தது. பிரிக்கும் நாளில் கோயம்புத்தூர்ப் பையன் கேமராவோடு வந்து நின்றான். மர ஆப்பு வைத்துத் தட்டினார்கள். ஓரங்கள் விட்டன, நடுவில் விடவில்லை. தெளித்த இடமெல்லாம் வண்டியும் மோல்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இனி இரண்டில் ஒன்றை அறுத்தால்தான் மற்றொன்று மிஞ்சும்.

"மோல்டை வெட்டிடலாங்க" என்றான் பையன். "இந்த ஒரு வண்டி வந்தாப் போதுங்க எனக்கு. கொஞ்சம் வடு இருந்தாலும் பரவால்லைங்க."

நானும் அதையேதான் சொன்னேன். வண்டி வெளியே வரட்டும், அந்தச் சனியன் பிடித்த மோல்டு ஒழியட்டும், இவர் படுத்து ஓய்வெடுக்கட்டும்.

அவர் தலையை ஆட்டினார். "வண்டிய எடுத்தா அது ஒண்ணுதான். மோல்டு இருந்தா எத்தினி வேணா எடுக்கலாம். நீ கொஞ்ச நாள் பொறுத்துக்கோ சார்."

பையன் நல்லவன், பொறுத்துக்கொண்டான். நான்தான் பொறுக்க மாட்டாமல் கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. புது வண்டியைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார். ஒட்டிய இடங்களை மெஷின் வைத்து ராவினார். மூக்கைச் சுற்றி ஒரு ஈரக் கைக்குட்டை, அதுவும் நான் கட்டிவிட்டால்தான். தூசு வெள்ளையாக எழும்பி ஜன்னலில், செம்பருத்திச் செடியில், சோற்றுப் பானை மூடியில் படிந்தது. அந்தப் புகைக்குள் அவருடைய முதுகு மட்டும் தெரியும். இருமல் கேட்டால் மெஷின் நிற்கும், இருமல் நின்றால் மெஷின் கேட்கும். நான் சமையலறையில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மோல்டு பிழைத்தது. பழைய பளபளப்பு திரும்ப வந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. அதைத்தான் நான் பார்த்தேன்.

பெரிய மழை தொடங்கிய வாரத்தில் பையன் தன் நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். என் கணவர் உள்ளே நாலு தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். குரல் கேட்டு யார் என்று கையை ஆட்டினார். சொன்னேன்.

"மழ விட்டதும் வரச் சொல்லு" என்றார்.

வாசலுக்குப் போய், "மழை விட்டதும் வாங்க சார்" என்றேன். உள்ளே இருக்கிற அவருக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

அந்த மழை விடுமுன் அவர் போய்விட்டார். பையன் அடக்கத்துக்கு வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு மோல்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வெளிநாடு போய்விட்டான் என்று கேள்வி.

மோல்டை அப்புறப்படுத்தப் பார்த்தேன். பழைய இரும்புக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, இதை உருக்க முடியாது, வேண்டாம் என்று போய்விட்டார். என் கணவர் பெருமையாகச் சொன்னது எல்லாம் உண்மைதான். துருப்பிடிக்கவில்லை, உளுக்கவில்லை, கறையான் தொடவில்லை.

ஒவ்வொரு மழைக்கும் பிறகு மக்கை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்குகிறேன். முட்டி வலிக்கிறது, வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டுகிறேன். இனி யாரும் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அடிமட்டம்வரை இறைத்துவிட்டு, பழைய துணியால் ஒரு சொட்டு இல்லாமல் ஒட்டத் துடைக்கிறேன். அன்றைக்கு அவர் இதைத்தான் செய்திருக்க வேண்டும்.