பவானி மச்சாள் மூட்டிய தணல்

பவானி மச்சாள் இறந்த செய்தி உங்களில் பலருக்குத் தொலைபேசியில் வந்தது. ஹொல்ஸ்டெப்ரோவிலும் பிரெடெரிசியாவிலும் இருந்தவர்களால் உடனே புறப்பட முடியவில்லை; பனி வீதிகளை மூடியிருந்தது. எனக்கு அதை மருத்துவமனையின் நடையில் வைத்து ஒரு மருத்துவர் சொன்னார். என் மடியில் மச்சாளின் மகள் இருந்தாள். பிறந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. மருத்துவர் என் முன்னால் குந்தியிருந்து, எனக்கு விளங்கக்கூடிய டேனிஷில் மெதுவாகச் சொன்னார். முதல் தடவையே விளங்கியது. ஆனாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் நான்; ஆனால் கடையில் பால் எங்கே என்று கேட்கவும் எனக்குக் கூச்சம். "பட்டம் எடுத்தவ வாய் திறந்தால் பல்லுக் கொட்டிப் போகுமோ?" என்பார் மச்சாள். மொழி வகுப்பின் முதல் நாள், நான் வாசலிலேயே நின்றேன். நிறைமாத வயிற்றோடு கூட வந்தவர் என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "வெக்கத்தைக் கோட்டோட கழட்டிக் கொழுவிப்போட்டு உள்ளை போ. வரேக்கை வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு வா."

அவருக்கு டேனிஷ் தெரியாது. பக்கத்துப் பண்ணையில் இருக்கும் இங்கர் என்ற அம்மாவுடன் வேலிக்கு மேலால் தமிழில் கதைப்பார். அந்த அம்மா டேனிஷில் பதில் சொல்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள், ஒருநாள் எதற்கோ சண்டையும் பிடித்தார்கள். நான் மொழிபெயர்க்கப் போனால் மச்சாளுக்குப் பிடிக்காது. "நீ ஏன் நடுவிலை? நாங்கள் வடிவாக் கதைக்கிறம்."

புயல் வந்த அன்று காலை அண்ணை ஸ்கீவ நகரில் உள்ள தொழிற்சாலைக்குப் போனபோது காற்று மட்டும்தான் வீசியது. மதியத்துக்குள் வேலி பனிக்குள் மறைந்துவிட்டது. பிறகு மின்சாரம் நின்றது. அதோடு வீட்டின் சூடாக்கியும் நின்றது. தொலைபேசியில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணை எப்படி வருவார் என்று நான் கலங்கினேன். "அங்கையே நிக்கட்டும். இந்தக் காத்துக்கை வெளிக்கிட்டாரெண்டால் நோர்வேயிலைதான் போய் இறங்குவார்" என்றார் மச்சாள். சிரித்தோம். அதன் பிறகு பிள்ளையின் உடுப்பை மாற்றும்போது, அவளுடைய கால்கள் குளிர்ந்து போயிருந்ததைக் கண்டோம். மச்சாள் அவற்றைத் தன் வாயருகே வைத்து ஊதினார். அதற்குப் பிறகு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்குக் கீழே தணல் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தாய்க்குக் குளிர் ஏறக்கூடாது, பிள்ளைக்கும் ஏறக்கூடாது. முன்பு குடியிருந்தவர்கள் கோடையில் இறைச்சி வாட்டுவதற்கு வாங்கிய கரி, கொட்டிலில் அரை மூட்டை கிடந்தது. பழைய இரும்புத் தாச்சியில் அதைப் போட்டுக் கதவடியில் மூட்டினோம். பழைய சீலைகளைக் கிழித்து அறையின் யன்னல் இடுக்குகளில் செருகினோம். "இனி ஒரு பொட்டுக் காத்தும் வராது" என்று மச்சாளுக்குத் திருப்தி.

தாச்சியை அறைக்குள் கொண்டுபோனதும் பிள்ளை தும்மினாள். "பிள்ளைக்குப் புகை கூடாது. நீ இவளோட குசினிக்கை இரு. நல்லாச் சிவந்து புகை அடங்கட்டும், கூப்பிடுறன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சமையலடுப்பும் குளிர்ந்து கிடந்த குசினியின் பின்கதவுக்குக் கீழால் பனித்தூள் உள்ளே வந்துகொண்டிருந்தது. என் கோட்டுக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தேன். "மச்சாள், அடங்கிட்டுதோ?" என்று ஒருமுறை கேட்டேன். "இன்னும் கொஞ்சம் மணக்குது, பொறு" என்றார். பிறகு சத்தமில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவர் ஒழுங்காக உறங்கியதில்லை. எனக்கும் தலை இடித்தது. பசி என்று நினைத்தேன்.

பொழுது சாய முன்னர் இங்கர் அம்மா, கணவரின் உழவு இயந்திரத்தில் ஏறி, போத்தலில் சூடான சூப்போடு வந்தார். அறைக் கதவைத் திறந்தவர் கத்திக்கொண்டு ஓடி யன்னலைத் திறந்தார். மச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உதடுகள் சிவந்திருந்தன. நல்ல சூடு பிடித்துவிட்டது என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தேன். இங்கர் அம்மா அவருடைய கன்னத்தைத் தட்டித் தட்டி, எப்போதும்போல டேனிஷில் கதைத்தார். இடையிடையே நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தார்.

அந்த உழவு இயந்திரத்திலேயே எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்துத் தந்தார்கள். பனியால் அண்ணை அங்கேயே தங்கியிருந்தார். நான் சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "குளிரிலையோ?" என்றார்.

"இல்லை அண்ணை. மச்சாளுக்குக் குளிரேல்லை."

இறுதிச் சடங்கில் ஒருவர், "படிச்ச பிள்ளையும் வீட்டிலை இருந்திருக்குது" என்று என் காதுபடச் சொன்னார். நாங்கள் பயந்தது கண்ணுக்குத் தெரிந்த புகைக்கு. அது அடங்கிய பிறகும் தணலிலிருந்து ஒரு நச்சு வாயு வரும் என்பதும், அதற்கு மணமே இல்லை என்பதும், மருத்துவர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையால் காற்றுப் போய்வரும். இங்கே யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. உங்கள் வீட்டிலும் யாராவது பிள்ளை பெற்றிருப்பார்கள். தயவுசெய்து தணல் வைக்காதீர்கள். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மச்சாள் ஏதோ ஒரு பெயரை நினைத்து வைத்திருந்தார், முப்பத்தோராம் நாள் சொல்கிறேன் என்றிருந்தார். அண்ணையிடமும் சொல்லவில்லை. அவர் வேலையால் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பிள்ளை அழுதாலும் திரும்புவதில்லை.

மச்சாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவள்தான். என்னோடுதான் படுக்கிறாள். யன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைக்கிறேன். "பிள்ளைக்குக் குளிரப்போகுது, பூட்டு" என்று அண்ணை சொல்கிறார். நான் பூட்டுவதில்லை. விழித்து விழித்து அவளுடைய மூக்கு நுனியைத் தொட்டுப் பார்க்கிறேன். அது குளிர்ந்திருந்தால்தான் எனக்குக் கண் மூட முடிகிறது.