ஐந்தடி இடத்துக்கு ஒரு லென்ஸ்

குன்னூரில் ஒரு ஸ்டுடியோவில் பதினெட்டு வருடமாகப் படம் எடுக்கிறேன். "அண்ணா, முதல்ல எந்த பிரைம் லென்ஸ் வாங்கலாம்?" என்று புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கேட்பவர்கள் மேல் கோபமில்லை. ஏன் எரிகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

1. பரிசம்

மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றில் பரிசம் போடுகிறார்கள். பெண் பேர் செல்வி. அவள் அப்பா ராமையா இலை ஏற்றும் டிராக்டரிலிருந்து விழுந்து, இடுப்பு போய், கட்டிலோடு கிடக்கிறார். கண்ணிலும் புரை எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

எங்கள் முதலாளியிடம் நல்ல லென்ஸ் இரண்டு உண்டு. அவை ஓட்டல் கல்யாணங்களுக்கு மட்டும்.

"லைன் ஊட்டுக்கு கிட் லென்ஸும் பிளாஷும் போதும்ப்பா. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?" என்றார்.

பிளாஷைக் கூரைக்குத் திருப்பி அடித்தால் வெளிச்சம் மெத்தென்று இறங்கும். ஆனால் விறகுப் புகை ஏறிக் கறுத்த கூரை வெளிச்சத்தைத் திருப்பித் தராது. நேராக அடித்தேன். ராமையாவுக்குக் கண் கூசித் தண்ணீர் கொட்டியது. எல்லாப் படத்திலும் கையால் முகத்தை மூடியிருந்தார்.

ஆல்பத்தைப் பார்த்த செல்வியின் அம்மா சரோஜா அக்கா சண்டை போடவில்லை. "கல்யாணத்துலயாவது அவரு கண்ணத் தொறந்து இருக்கிற மாதிரி ஒண்ணு எடுங்க தம்பி. மகளும் அவரும் சேந்து. அது ஒண்ணு போதும்" என்றார்.

நானும் ஜெகதளா பக்கம் லைன் வீட்டில் பிறந்தவன்தான். 'என்ன தெரியப்போவுது' என்ற பேச்சு அன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிளாஷ் இல்லாமல் எடுக்க என் காசில் லென்ஸ் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

2. எல்லோரும் சொன்ன லென்ஸ்

பிளாஷ் வேண்டாமென்றால் அதிக வெளிச்சம் உள்ளே விடும் லென்ஸ் வேண்டும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில் ஜூம் பண்ணினால் திறப்பு எண் ஐந்து புள்ளி ஆறுக்குப் போய்விடும்; எண் ஏற ஏற வெளிச்சம் குறையும். ஒன்று புள்ளி எட்டு என்றால் அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம். யூடியூபில் பத்து வீடியோ பார்த்தேன். பத்துப் பேரும் ஒரே பாட்டு: ஜூம் இல்லாத பிரைம், ஐம்பது எம்எம், ஒன்று புள்ளி எட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. கோயம்புத்தூரில் கடைக்காரரும் அதையே எடுத்து வைத்தார்.

"ஏனுங்க, விலையும் கம்மி, படமும் சும்மா அள்ளுமுங்க. இதுக்கு மேல என்னங்க யோசன?"

யோசிக்க ஒன்று இருந்தது. என் கேமரா சின்ன சென்சார் உள்ள கிராப் பாடி. அதில் ஐம்பதைப் போட்டால் இன்னும் நெருங்கி, எழுபத்தைந்து, எண்பது மாதிரிதான் தெரியும். ஆளைப் பார்க்கப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். அந்த வீடியோக்களை எடுத்தவர்களெல்லாம் மொட்டை மாடியிலும் பூங்காவிலும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் கடை வாசலில் நின்று ரோட்டைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பின்னால் எல்லாம் அழகாகக் கலங்குகிறது என்று பூரித்துப்போய் அதையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். லைன் வீட்டில் பிறந்து, பரிசத்துக்கும் அந்த வீட்டுக்குப் போய் வந்தவனுக்கு லைன் அறையின் அளவு மறந்துவிட்டது. மடையன்.

3. கல்யாணம்

எஸ்டேட் கோயிலில் தாலி கட்டியதும், மாலையும் தலை நிறையப் பூவுமாகச் செல்வி அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தாள். அறையில் கட்டில், பீரோ, அரிசி டிரம். அதெல்லாம் போக எனக்குக் கிடைத்தது ஐந்தடி. முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. அப்பா முகம் வந்தால் மகள் வரவில்லை. மகள் வந்தால் தலைமேல் வைத்த கை மட்டும் வந்தது. கதவுக்கு வெளியே போகலாமென்றால் கட்டில் கதவுக்குப் பின்னால் இருந்தது, அங்கிருந்து தெரியாது. கிட் லென்ஸை மாற்றலாமென்று பையைத் தேடினேன். இதுவே போதும் என்ற திமிரில் அதை ஸ்டுடியோவிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"தம்பி, நேரமாவுது, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கெளம்புறாங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். படம் கிடைக்கும் முன்னாலேயே பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மறுநாளே லென்ஸைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். "பெட்டியப் பிரிச்சுப்போட்டீங்களே, எடுக்க முடியாதுங்க" என்றார் அதே கடைக்காரர். வாய்க்கு வந்தபடி கத்தினேன். நான் கத்தியதில் பாதி எனக்கே சேர வேண்டியது. வேறொரு கடையில் அதைக் கொடுத்துவிட்டு, கையிலிருந்ததையும் சேர்த்துப் போட்டு, பழைய முப்பத்தைந்து எம்எம் ஒன்று வாங்கினேன். அதுவும் ஒன்று புள்ளி எட்டுதான். விலையும் ஏறக்குறைய அதேதான்.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். யாரும் கூப்பிடாமல் நானே போனேன். அதே ஐந்தடியில் நின்றேன். முழுக்கத் திறந்து வைத்தால் ஒரு முகம்தான் தெளிவாக இருக்கும் என்று திறப்பைக் கொஞ்சம் குறைத்து இரண்டு புள்ளி எட்டு வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது. அப்பாவும் மகளும் ஒரே படத்துக்குள் அடங்கினார்கள். ராமையா கண்ணைத் திறந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடத்தில் நான் எடுத்த படங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

பிரிண்ட் போட்டு எடுத்துப்போனேன். சரோஜா அக்கா அழுதார். ராமையா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"புள்ளைக்கு மாலை எங்க தம்பி? தலையில பூவக் காணுமே?" என்றார்.

சரோஜா அக்காதான், "இது மறுவீட்டன்னைக்கு எடுத்ததுங்க" என்று மெதுவாகச் சொன்னார். "ஓ" என்று ராமையா படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அதனால்தான் சொல்கிறேன். எந்த லென்ஸ் என்று என்னைக் கேட்காதீர்கள், யூடியூபையும் கேட்காதீர்கள். லென்ஸ் வாங்கும் முன்னாலேயே அந்த வீட்டுக்குப் போய், சுவரில் முதுகை ஒட்டி நின்று பாருங்கள். அதைச் செய்ய எனக்கு ஒரு பஸ் டிக்கெட்தான் ஆகியிருக்கும்.